கமிட் மெசேஜ் சொல்வது ஒன்று, டிஃப் காட்டுவது ஒன்று

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். கமாண்டுகளைக் காதில் கேட்பது போலவே எழுதியிருக்கிறோம்.)

இன்னைக்கு கிட் பத்திப் பேசப்போறோம். ஆனா இது கிட் கத்துக்கிற எபிசோடு இல்ல. கிட் ஆட், கிட் கமிட், கிட் புஷ், இந்த மூணும் உங்களுக்குத் தெரியும்னே வெச்சுக்கிறேன். நம்மில் நிறைய பேர் அந்த மூணோட நிறுத்திக்கிறோம். கோடு மேல போயிடுச்சு, வேலை முடிஞ்சுதுன்னு லேப்டாப்பை மூடிடுறோம். நான் பேச வந்தது அதுக்கப்புறம் நடக்கிறதைப் பத்தி. எழுதி வெச்ச கமிட்டுகளைத் திரும்ப யாராவது வாசிக்கிறாங்களா? வாசிக்க முடியுற மாதிரி நாம எழுதி வெச்சிருக்கோமா?

ஒரு உண்மைக் கேஸ்லேர்ந்து ஆரம்பிக்கலாம்.

2024 மார்ச் 29. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்னு ஒரு டெவலப்பர். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல வேலை செய்றவர், மைக்ரோசாஃப்ட்ல இருக்கிறவர். அவர் அன்னைக்குப் பொதுவுல ஒரு மெயில் போடுறார். டெபியன் லினக்ஸோட அன்ஸ்டேபிள் வகை மெஷின் ஒண்ணுல எஸ்எஸ்ஹெச் வழியா லாகின் பண்ணும்போது வழக்கத்தைவிடக் கிட்டத்தட்ட அரை செகண்ட் கூடுதலா ஆகுது. சிபியூவும் தேவையில்லாம ஓடுது. நாமளா இருந்தா நெட் ஸ்லோன்னு விட்டுடுவோம். அவர் விடல. தோண்டிக்கிட்டே போய் எக்ஸ்இசட் யுடில்ஸ்ங்கிற ஒரு கம்ப்ரஷன் லைப்ரரில போய் நின்னார். அதோட 5.6.0, 5.6.1 ரெண்டு வெர்ஷன்லயும் ஒரு பின்வாசல் வெச்சிருந்தாங்க. சரியான சாவி கையில இருக்கிற ஆள், பாஸ்வேர்டே இல்லாம தூரத்துல இருந்து அந்த மெஷின்ல தன் கமாண்டை ஓட்டலாம். டெபியன், ஃபெடோரா மாதிரி டிஸ்ட்ரோக்களோட சோதனை வெர்ஷன்கள் வரைக்கும் அது வந்துடுச்சு. இன்னும் சில மாசம் யார் கண்ணுலயும் படாம இருந்திருந்தா, உலகம் முழுக்க சர்வர்கள்ல போய் உக்காந்திருக்கும்.

இந்தக் கதையை நிறைய பேர் கேட்டிருப்பீங்க. அதிர்ஷ்டம், அரை செகண்ட், ஒத்தை மனுஷன், இப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க. நான் வேற பக்கத்துலேர்ந்து பார்க்கச் சொல்றேன். இதைச் செஞ்சது 'ஜியா டான்'ங்கிற பேர்ல இயங்கின ஒரு கணக்கு. அந்தக் கணக்கு பொதுவெளியில கமிட் பண்ணிக்கிட்டே இருந்துச்சு. ராத்திரி சுவரேறிக் குதிச்ச திருட்டு இல்ல இது. ரெண்டு வருஷத்துக்கும் மேல நல்ல பிள்ளையா வேலை செஞ்சு, மெயின்டெய்னர் பொறுப்பையும் வாங்கி, வாசல் வழியாவே உள்ள வந்தாங்க. அந்தக் கமிட்டுகள்ல பலது இன்னைக்கும் ஹிஸ்டரில அப்படியே இருக்கு. கிட் லாக் போட்டா யார் வேணும்னாலும் வாசிக்கலாம்.

மூணு கமிட்டை மட்டும் எடுத்துக்குவோம்.

முதலாவது, 2024 பிப்ரவரி 23. சில டெஸ்ட் ஃபைல்களைச் சேர்க்கிறோம்னு மெசேஜ் சொல்லுது. கம்ப்ரஷன் லைப்ரரிக்குக் கெட்டுப்போன ஃபைல், நல்ல ஃபைல்னு ரெண்டு வகையும் டெஸ்டுக்குத் தேவைதான். அதனால யாருக்கும் உறுத்தாது. டிஃப்பைத் திறந்தா என்ன தெரியும்? பைனரி ஃபைல்கள் வேறுபடுகின்றனன்னு ஒரு வரி. அவ்வளவுதான். உள்ள என்ன இருக்குன்னு கிட் காட்டாது. பின்வாசலோட கோடு அந்த ஃபைல்களுக்குள்ளதான் சுருட்டி மடிச்சு வெச்சிருந்துச்சு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதுன்னு சொல்வோம். பைனரி ஃபைல்ல மறைக்கலாம் போல.

ரெண்டாவது, பிப்ரவரி 26. லேண்ட்லாக்னு லினக்ஸ்ல ஒரு பாதுகாப்பு வசதி இருக்கு. ஒரு ப்ரோகிராம் தன்னைத்தானே ஒரு வட்டத்துக்குள்ள அடைச்சுக்கலாம், தப்பு நடந்தாலும் வெளியே போகாது. அந்த வசதி மெஷின்ல இருக்கான்னு பில்டு நேரத்துல சோதிக்கிற பகுதியைச் சரி செய்றோம்னு மெசேஜ். டிஃப்ல நிறைய வரிகள் மாறியிருக்கு. அதுல ஒரு வரில ஒரு புள்ளி. வெறும் புள்ளி, வேற ஒண்ணும் இல்ல. அது உக்காந்திருக்கிற இடம் ஒரு குட்டி சி ப்ரோகிராமோட நடுவுல. அந்த ப்ரோகிராம் கம்பைல் ஆனா வசதி இருக்குன்னு அர்த்தம், ஆகலேன்னா இல்லைன்னு அர்த்தம். நடுவுல புள்ளி இருந்தா எந்தக் காலத்துலயும் கம்பைல் ஆகாது. சிமேக் வழியா பில்டு பண்ற எல்லாருக்கும் லேண்ட்லாக் சத்தமே இல்லாம அணைஞ்சு போகும். மெசேஜ் 'சரி செய்றோம்'னு சொல்லுது, டிஃப் கெடுக்குது.

மூணாவது, மார்ச் 9. ரெண்டு டெஸ்ட் ஃபைல்களை மாத்துறோம், பழைய ஃபைல்களை ரேண்டமா உருவாக்கினதால திரும்ப அதே மாதிரி உருவாக்க முடியல, இப்ப அதுக்கு ஏத்த மாதிரி செஞ்சிருக்கோம்னு நீளமா, நாகரிகமா ஒரு விளக்கம். நாம டீம்ல 'நல்லா மெசேஜ் எழுதுங்கப்பா'ன்னு கெஞ்சுறோமே, அப்படி ஒரு மெசேஜ். ஆனா உண்மையில நடந்தது, பின்வாசலோட புது வெர்ஷனை ஏத்தினது.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்றேன்னா, கமிட் ஹிஸ்டரியை ரிவ்யூ பண்றதுன்னா என்னன்னு இதைவிடத் தெளிவா காட்டுற உதாரணம் எனக்குத் தெரியல. மெசேஜ் ஒரு வாக்குமூலம். டிஃப் தடயம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, இது சொல்றதைத்தான் அது செய்யுதான்னு பார்க்கிறதுதான் ரிவ்யூ. மெசேஜை மட்டும் படிச்சிட்டு அப்ரூவ் பண்றதும், மெசேஜே படிக்காம டிஃப்ல செமிகோலன் தேடுறதும் பாதி வேலைதான்.

சரி, கிட் இந்த ஏமாத்தைத் தடுக்காதா? ஹேஷ் இருக்கே, பாதுகாப்பாச்சேன்னு கேட்பீங்க. வீட்டுப் பத்திரத்தை வெச்சுச் சொல்றேன், சுலபமாப் புரியும்.

நம்ம ஊர்ல மனை வாங்குறதுக்கு முன்னாடி வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். இதுக்கு முன்னாடி யார்கிட்ட இருந்துச்சு, அவர் யார்கிட்ட வாங்கினார், மூலப்பத்திரம் எங்கன்னு பின்னாடியே போய்க்கிட்டே இருப்போம். ஒவ்வொரு பத்திரமும் தனக்கு முந்தின பத்திரத்தோட எண்ணைச் சொல்லும். கிட் கமிட்டும் அப்படித்தான். அந்த நேரத்துல ஃபைல்கள் எல்லாம் எப்படி இருந்துச்சு, இதுக்கு முந்தின கமிட் எது, எழுதினவர் யார், தேதி, மெசேஜ், இது எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வர்றதுதான் அந்த 40 எழுத்து ஹேஷ். நடுவுல ஒரு பழைய கமிட்ல ஒரு கமாவை மாத்தினாக்கூட அதோட ஹேஷ் மாறும். அதனால அடுத்ததோட ஹேஷ் மாறும். கடைசி வரைக்கும் எல்லாமே மாறும். யாருக்கும் தெரியாம பழசை மாத்த முடியாது.

ஆனா பத்திர ஆபீஸ்ல பதிஞ்சாச்சுங்கிறதால சொத்து உண்மையிலேயே வித்தவருடையதுதான்னு ஆயிடாது இல்லையா? கிட்டும் அப்படித்தான். பதியும், பதிஞ்சதை மாறாமப் பாதுகாக்கும். எழுதினது உண்மையான்னு கேட்காது. அதைவிட, எழுதினவர் பேரைக்கூட அது சோதிக்கிறதில்ல. கிட் கான்ஃபிக்ல யூசர் நேம்ல லினஸ் டோர்வால்ட்ஸ்னு போட்டுட்டு நான் கமிட் பண்ணலாம், அந்தப் பேர்லயே பதிவாகும். தேதியும் நாம சொல்றதுதான். அதுக்காகத்தான் கமிட்டுகளையும் டேக்குகளையும் சாவி போட்டு கையெழுத்திடுற வசதி இருக்கு. கிட் லாக்ல 'ஷோ சிக்னேச்சர்' போட்டா சரிபார்க்கலாம். நல்லது, செய்யுங்க. ஆனா எக்ஸ்இசட் கேஸ்ல 5.6.0 ரிலீஸ் ஜியா டான் சாவியால முறையா கையெழுத்தானதுதான். கையெழுத்து ஆளைச் சொல்லும், அந்த ஆள் என்ன செஞ்சார்ங்கிறதைச் சொல்லாது.

இங்க இன்னொரு பழைய சம்பவத்தையும் சொல்லியாகணும். 2003 நவம்பர். அப்ப கிட்டே பிறக்கல. லினக்ஸ் கர்னலோட கோடு பிட்கீப்பர்னு ஒரு சிஸ்டத்துல இருந்துச்சு. அது பிடிக்காதவங்களுக்காக சிவிஎஸ்ங்கிற பழைய சிஸ்டத்துல ஒரு பிரதியும் வெச்சிருந்தாங்க. ஒருநாள் அந்தப் பிரதியில மட்டும் புதுசா ரெண்டு வரி. பார்த்தா ஏதோ எரர் செக் மாதிரி இருக்கும், யூசர் ஐடி ஜீரோவான்னு கேட்கிற மாதிரி. ஆனா கேட்கிறதுக்கு ரெண்டு ஈக்வல் குறி போடணும், அங்க ஒண்ணுதான் இருந்துச்சு. ஒண்ணு போட்டா அது கேள்வி இல்ல, உத்தரவு. யூசர் ஐடியை ஜீரோவா மாத்து, அதாவது அந்த ஆளை ரூட் ஆக்கு. குறிப்பிட்ட விதத்துல அந்த ஃபங்ஷனைக் கூப்பிடத் தெரிஞ்சவன் மெஷினுக்கே ராஜா. நல்லவேளையா பிட்கீப்பர் உருவாக்கின லாரி மெக்வாய் தரப்புல மூலத்தையும் பிரதியையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. பிரதியில ஒரு மாற்றம் இருக்கு, மூலத்துல அதுக்கான கமிட்டே இல்ல. உடனே மாட்டிக்கிச்சு, மெயின் கர்னலுக்குள்ள நுழையவே இல்ல. பிட்கீப்பரை இலவசமா பயன்படுத்துற உரிமை போனப்புறம், 2005 ஏப்ரல்ல டோர்வால்ட்ஸ் கிட் எழுத ஆரம்பிச்சார். உள்ளே போட்டது மாறாம அப்படியே வெளியே வரணும்ங்கிறதுல அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமா இருந்தார்னு இந்தச் சம்பவத்தைத் தெரிஞ்சவங்களுக்குப் புரியும்.

இப்ப திரும்ப 2024. எக்ஸ்இசட்ல அந்த டெஸ்ட் ஃபைல்களைப் பிரிச்சு பின்வாசலை வெளியே எடுக்கிற முக்கியமான பில்டு ஸ்கிரிப்ட் கிட் ஹிஸ்டரிலயே இல்ல. ரிலீஸ்னு வெளியிட்ட டார்பால்ல மட்டும் இருந்துச்சு. அதே கணக்குதான்: மூலத்துல இல்லாதது பிரதியில இருக்கு. 2003ல ஒப்பிட்டாங்க, பிடிச்சாங்க. 2024ல யாரும் ஒப்பிடல. அதுக்குக் காரணமும் இருக்கு. அந்த வகை ப்ராஜெக்டுகள்ல டார்பால்ல தானா உருவாகிற ஃபைல்கள் நிறைய சேரும், கிட்ல அதுங்க இருக்காது. ரெண்டும் வேறுபடுறது அன்றாட வழக்கம்னு ஆனப்புறம், எந்த வேறுபாடு வழக்கமானது எது விஷம்னு யார் உக்காந்து பார்ப்பாங்க? அந்த லைப்ரரியைப் பல வருஷமா லாஸே காலின்னு ஒரு தனி மனுஷர் சம்பளமில்லாம தாங்கிக்கிட்டு இருந்தார். ரிலீஸ் ஏன் லேட்டு, வேற ஆள்கிட்ட கொடுங்கன்னு சில கணக்குகள் அவரை விரட்டிக்கிட்டே இருந்துச்சு. தனி ஆளுக்கு ரிவ்யூ பண்ண இன்னொரு கண் கிடையாது. உதவிக்கு வந்த கண்ணே திருட்டுக்கண்ணா இருந்தா?

அந்தப் புள்ளியைக் கடைசில நீக்கினதும் அவர்தான், விஷயம் வெளிய வந்த மறுநாள், மார்ச் 30. அந்தக் கமிட்டோட மெசேஜ்ல, நாசவேலை செய்யப்பட்ட சோதனையைச் சரி செய்றேன்னு பட்டவர்த்தனமா எழுதியிருக்கார். ஹிஸ்டரியை அழிச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆக்கல. அந்தக் கெட்ட கமிட்டும் இருக்கு, அதைச் சரி செஞ்ச கமிட்டும் இருக்கு. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

நம்ம ஆபீஸுக்கு வருவோம். நம்ம ரெப்போவை வெளிநாட்டு உளவாளி யாரும் குறிவெக்கப் போறதில்லதான். நம்ம பிரச்சனை வேற. யாரும் பொய் சொல்றதில்ல, ஆனா மெசேஜும் டிஃப்பும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம இருக்கும். 'ஃபிக்ஸ்'. 'ஃபிக்ஸ் 2'. 'ஃபைனல்'. 'ஃபைனல் ஃபைனல்'. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கமிட், 43 ஃபைல், மெசேஜ் 'சேஞ்சஸ்'. இதை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னா எதை எதோட ஒப்பிடுறது? வாக்குமூலமே இல்லையே.

அதனால எழுதுற பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம். ஒரு கமிட்ல ஒரு மாற்றம். இதுக்கு எல்லாரும் தலையாட்டுவாங்க, ஆனா செய்யும்போது எடிட்டர்ல பத்து ஃபைல் திறந்திருக்கும், பேரை மாத்தியிருப்போம், ஸ்பேஸைச் சரி பண்ணியிருப்போம், நடுவுல ஒரு பக்கையும் தீர்த்திருப்போம். அப்பதான் 'கிட் ஆட் மைனஸ் பி'. உங்க மாற்றங்களைத் துண்டு துண்டாக் காட்டி, இது வேணுமா வேண்டாமான்னு கேட்கும். ஒய், என்னு அழுத்திக்கிட்டே போகலாம். துண்டு பெருசா இருந்தா எஸ் அழுத்துங்க, முடிஞ்சா இன்னும் சின்னதாப் பிரிச்சுக் கொடுக்கும். இதுல ஒரு போனஸ், புஷ் பண்றதுக்கு முன்னாடியே உங்க கோடை நீங்களே ஒருமுறை வரி வரியாப் படிச்சுடுவீங்க. மறந்துவிட்ட பிரிண்ட் ஸ்டேட்மென்ட் எல்லாம் இங்கதான் கண்ணுல படும்.

மெசேஜ் எழுதுறது. முதல் வரி சுருக்கமா, ஐம்பது எழுத்துக்குப் பக்கத்துல. அப்புறம் ஒரு காலி வரி. அப்புறம் ஏன் செஞ்சோம்ங்கிறது. என்ன மாத்தினோம்ங்கிறதை டிஃப் காட்டிடும், ஏன்ங்கிறது டிஃப்ல கிடையாது. உதாரணத்துக்கு, ஒரு பேமென்ட் டைம்அவுட்டை 10 செகண்ட்லேர்ந்து 30 செகண்டா மாத்துறீங்க. 'டைம்அவுட்டை மாத்தினேன்'னு எழுதினா புண்ணியமில்ல. 'பேங்கோட ஓடிபி பக்கம் திறக்கவே பத்து செகண்டுக்கு மேல் ஆகிறது, யூசர் ஓடிபி போடுவதற்குள் ஆர்டர் கேன்சல் ஆகிறது. ரீட்ரை சேர்த்தால் பணம் இரண்டு முறை போகலாம் என்பதால் அதைச் செய்யவில்லை'ன்னு எழுதுங்க. எட்டு மாசம் கழிச்சு புதுசா ஒரு தம்பி வருவான். 30 செகண்ட் ரொம்ப அதிகமாச்சே, குறைச்சு ரீட்ரை போட்டுடுவோம்னு நினைப்பான். இந்த ரெண்டு வரி அவனைத் தடுக்கும். இல்லேன்னா யாரோ ஒருத்தர் அக்கவுண்ட்லேர்ந்து ரெண்டு தடவை பணம் போகும். இதைத் தமிழ்லயே எழுதினாலும் கிட்டுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல, அது யூனிகோடை ஏத்துக்கும். டீம் ஏத்துக்குமாங்கிறது வேற கேள்வி.

லினக்ஸ் கர்னல்காரங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்கு. ஒரு பக்கைத் தீர்க்கும்போது, அந்த பக்கைக் கொண்டுவந்த பழைய கமிட் எதுன்னு தேடிப் பிடிச்சு, அதோட ஹேஷின் முதல் 12 எழுத்தையும் தலைப்பையும் மெசேஜ் அடியில 'ஃபிக்ஸஸ்'னு போட்டு எழுதுவாங்க. பழைய வெர்ஷன்களைப் பராமரிக்கிறவங்க அதைப் பார்த்து, நம்மகிட்ட அந்தக் கெட்ட கமிட் இருக்கா, அப்ப இந்த மருந்தும் வேணும்னு முடிவு பண்ணிக்குவாங்க. நம்ம டீம்லயும் இதைச் செய்ய ஒண்ணும் செலவில்ல.

வாசிக்கிற பக்கம். கிட் லாக் வெறுமனே போட்டா மெசேஜ் மட்டும்தான் வரும். 'மைனஸ் பி' சேர்த்துப் போடுங்க, டிஃப்பும் கூடவே வரும். ஒரு ஃபைல் பேரையும் சேர்த்துக் கொடுத்தா அந்த ஃபைலோட ஜாதகமே வந்து நிக்கும். ஒரு குறிப்பிட்ட வார்த்தை, ஒரு ஃபங்ஷன் பேர் எப்ப உள்ள வந்துச்சு, எப்ப போச்சுன்னு தெரியணும்னா 'மைனஸ் கேப்பிடல் எஸ்' போட்டு அந்த வார்த்தையைக் கொடுங்க. கிட் பிளேம் ஒவ்வொரு வரியையும் கடைசியா யார் தொட்டாங்கன்னு சொல்லும். கடைசியா தொட்டவர்தான் எழுதினவர்னு அர்த்தமில்ல, யாராவது ஸ்பேஸ் மட்டும் மாத்தியிருப்பாங்க. 'மைனஸ் டபிள்யூ' போட்டா ஸ்பேஸ் மாற்றத்தைக் கண்டுக்காது. பிளேம்ங்கிற பேரே எனக்குப் பிடிக்கிறதில்ல. பழைய சப்வெர்ஷன்ல இதே கமாண்டுக்குப் 'ப்ரெய்ஸ்'னும் ஒரு பேர் உண்டு. திட்டணும்னா பிளேம், பாராட்டணும்னா ப்ரெய்ஸ்.

எல்லாத்தையும்விட எனக்குப் பிடிச்சது பைசெக்ட். போன மாசம் வேலை செஞ்சுது, இன்னைக்கு செய்யல. நடுவுல ஆயிரம் கமிட். ஒவ்வொண்ணாப் பார்க்க வேண்டாம். இது நல்லது, இது கெட்டதுன்னு ரெண்டு முனையைச் சொன்னா, கிட் நடுவுல ஒண்ணை எடுத்துக் கொடுக்கும். சோதிச்சுட்டு நல்லதா கெட்டதான்னு சொல்றீங்க, பாதி போயிடும். மறுபடி நடுவுல ஒண்ணு. சுமார் பத்து தடவைல குற்றவாளி கமிட் கையில. டெஸ்ட் ஸ்கிரிப்ட் இருந்தா 'பைசெக்ட் ரன்'னு விட்டுட்டு டீ குடிச்சிட்டு வரலாம். ஆனா இதுக்கு ஒரு நிபந்தனை, நடுவுல இருக்கிற ஒவ்வொரு கமிட்டும் பில்டு ஆகணும். 'பாதி வேலை, நாளைக்குப் பார்க்கலாம்' கமிட்டுகள் நிறைய இருந்தா பைசெக்ட் நொண்டும். அதே மாதிரி ரெண்டு வார வேலையை ஸ்குவாஷ் பண்ணி ஒரே மூட்டையாக் கட்டி மெர்ஜ் பண்ணியிருந்தா, பைசெக்ட் அந்த மூட்டையைக் காட்டிட்டு நின்னுடும், மூட்டைக்குள்ள நீங்கதான் தேடணும். ஸ்குவாஷ் மெர்ஜ் சுத்தம்னு சிலர் சொல்றாங்க. சின்ன பிரான்ச்சுக்குச் சரி. பெரிய பிரான்ச்சுக்கு அது சுத்தம் இல்ல, குப்பையைப் பாய்க்கு அடியில தள்ளுறது.

அப்ப ஹிஸ்டரியைத் திருத்தலாமா கூடாதா? புஷ் பண்றதுக்கு முன்னாடி, உங்ககிட்ட மட்டும் இருக்கும்போது தாராளமா திருத்துங்க. அது இன்னும் பதியாத வரைவுப் பத்திரம். கடைசி கமிட்னா 'அமெண்ட்'. முந்தினதுன்னா 'ரீபேஸ் மைனஸ் ஐ', வரிசையை மாத்தலாம், சேர்க்கலாம், பிரிக்கலாம், மெசேஜைத் திருத்தலாம். 'ஃபிக்ஸ் 2', 'ஃபிக்ஸ் 3' எல்லாம் இங்கேயே கரைஞ்சு போகணும். மத்தவங்க எடுத்து வேலை செஞ்சுக்கிட்டு இருக்கிற பிரான்ச்னா கை வெக்காதீங்க. அது பதிஞ்ச பத்திரம், திருத்தணும்னா பிழைதிருத்தல் பத்திரம்தான் போடணும். கிட்ல அதுக்குப் பேர் ரிவர்ட். பழசு அப்படியே இருக்கும், அதை ரத்து பண்ற புது கமிட் ஒண்ணு மேல வரும். லாஸே காலின் புள்ளியை எடுத்ததும் பழசை அழிக்காம இப்படி மேல ஒரு கமிட் போட்டுத்தான்.

உங்க சொந்த ஃபீச்சர் பிரான்ச்சை ரிவ்யூவுக்கு அனுப்பினப்புறம் ரீபேஸ் பண்ண வேண்டியிருந்தா, ஃபோர்ஸ் புஷ் பண்ணும்போது 'ஃபோர்ஸ் வித் லீஸ்' போடுங்க. நீங்க கடைசியாப் பார்த்ததுக்கப்புறம் அங்க வேற யாராவது எதையாவது ஏத்தியிருந்தா அது மறுத்துடும். ரிவ்யூ பண்றவருக்கு இங்க ஒரு தலைவலி இருக்கு: நேத்து பாதி படிச்சார், இன்னைக்கு ஹேஷ் எல்லாம் மாறியிருக்கு, எது புதுசுன்னு தெரியல. அதுக்கு 'ரேஞ்ச் டிஃப்'னு ஒரு கமாண்ட் 2018லேர்ந்து இருக்கு. பழைய வரிசையையும் புது வரிசையையும் கமிட்டுக்குக் கமிட் ஜோடி சேர்த்து எது மாறிச்சுன்னு மட்டும் காட்டும். நிறைய பேருக்கு இது இருக்கிறதே தெரியாது. மறுபடி அப்ரூவ் கேட்டு வரும்போது, 'நேத்தே பார்த்துட்டேனே'ன்னு கிளிக் பண்ற இடம் இருக்கே, அங்கதான் எதுவும் நுழையும். ரீபேஸ்ல ஏதாவது காணாமப் போச்சுன்னு பதறினா 'ரெஃப்லாக்' பாருங்க. கமிட் பண்ணின எதையும் உங்க மெஷின் உடனே தூக்கிப் போடாது. வழக்கமான செட்டிங்ல எதோடயும் இணைப்பில்லாமப் போன கமிட்டோட தடமும் 30 நாள் இருக்கும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் ரிவர்ட் உதவாது. பாஸ்வேர்டோ ஏபிஐ சாவியோ கமிட்ல போயிடுச்சுன்னா, அடுத்த கமிட்ல அழிச்சாலும் ஹிஸ்டரில அப்படியே இருக்கும். இப்ப சொன்ன 'மைனஸ் கேப்பிடல் எஸ்' போட்டா ஒரு நிமிஷத்துல எடுத்துடலாம், கெட்டவங்களும் அதைத்தான் செய்றாங்க. முதல் வேலை அந்தச் சாவியை ரத்து பண்ணிப் புதுசு வாங்குறது. 'ஃபில்டர் ரெப்போ' வெச்சு ஹிஸ்டரியைக் கழுவுறது எல்லாம் அதுக்கப்புறம். ஏற்கெனவே க்ளோன் பண்ணி வெச்சிருக்கிறவங்க மெஷின்ல நீங்க போய்க் கழுவ முடியாது.

ரிவ்யூல உக்காரும்போது நான் கேட்கிற கேள்விகளைச் சொல்லிட்டு முடிக்கிறேன். மெசேஜ் சொல்றது டிஃப்ல இருக்கா? டிஃப்ல இருக்கிறது எல்லாம் மெசேஜ்ல இருக்கா? ரெண்டாவது கேள்விலதான் விஷயமே இருக்கு, புள்ளி மாட்டினா இதுலதான் மாட்டும். பைனரி ஃபைல் வந்தா, இதை எப்படி உருவாக்கினீங்க, நானும் உருவாக்கிப் பார்க்கலாமா? நாம ரிலீஸ் பண்றது இந்த கமிட்லேர்ந்துதான் பில்டு ஆகுதா, இல்ல யாரோ ஒருத்தர் லேப்டாப்லேர்ந்தா? இதை ரொம்ப நம்பிக்கையான ஆள்கிட்டயும் கேட்கணும். சீனியர் அண்ணன்கிட்ட எப்படிக் கேட்கிறதுன்னு கூச்சமா இருக்கும், தெரியும். டீம்ல எல்லாருக்கும் எல்லாரும் கேட்கிற கேள்வியா ஆக்கிட்டா அந்தக் கூச்சம் போயிடும்.

இந்த வாரம் உங்க ரெப்போல 'கிட் லாக் மைனஸ் பி' போட்டு கடைசி இருபது கமிட்டை மட்டும் வாசிச்சுப் பாருங்க. என்ன கிடைச்சுதுன்னு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, ரெப்போ பேரையும் ஆள் பேரையும் மட்டும் விட்டுடுங்க. அடுத்த எபிசோடுல மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் பத்திப் பேசலாம்.